எட்டு இலக்கத்தோடு நின்ற எண்

காசிவிஸ்வநாதன் அந்தப் பச்சை அட்டை நோட்டை மேசைமேல் வைத்தபோது, கள்ள நம்பர் எழுதும் ஒருத்தியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நம்பினார்.

பிரிக்பீல்ட்ஸில் இருபத்திரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் நிர்வாகக் குழுத் தலைவர் அவர். வயது அறுபத்தெட்டு. வியாபாரத்தை மகன்களிடம் கொடுத்துவிட்டு, குடியிருப்பின் தண்ணீர்க் குழாய் முதல் குப்பைத் தொட்டி வரை தானே பார்ப்பவர். எதிரே நின்றவள் சீதாலெட்சுமி. அந்தக் குடியிருப்பின் வாசலில் ஐந்து வருடமாக ஜாகா என்ற காவல் வேலை பார்ப்பவள். வெள்ளைச் சட்டை, கறுநீலக் கால்சட்டை, காதோரம் நரை. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது.

"என்னம்மா இது?"

"என் நோட்டு சார்."

"அது தெரியுது. உள்ள பூரா நம்பரா இருக்கே. வண்டி வரும்போதெல்லாம் நீ என்னமோ குறிச்சுக்கிறேன்னு கம்ப்ளெய்ன் வந்திருக்கு. நாலு நம்பர் எழுதுறியா?"

வாரத்தில் மூன்று நாள் குலுக்கும் நாலு இலக்க லாட்டரியைத்தான் கேட்டார். கடைக்குப் போகாமல் ஆள் வைத்துக் கள்ளத்தனமாக அதற்குப் பந்தயம் கட்டுபவர்கள் ஊரில் உண்டு. அப்படிப் பந்தயம் பிடித்துக் கொடுக்கும் ஜாகாக்களும் உண்டு.

"நாலு நம்பர் இல்ல சார்," என்றாள் சீதாலெட்சுமி. "எட்டு நம்பர் வரைக்கும் போயிருக்கேன்."

அவர் முகம் இன்னும் இறுகியது. அவளுக்குப் பயம் வரவில்லை. அந்த நோட்டில் இருப்பது அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் பதில் சொல்ல முடியும் என்ற தைரியம் இருந்தது.

"உக்காந்து சொல்லட்டுமா சார்? கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அவர் நாற்காலியைக் காட்டினார்.

சீதாலெட்சுமி பிறந்தது கேரித் தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டம் ஒன்றில். ஐந்தாம் படிவத்தோடு பள்ளிப் படிப்பை முடித்த மறுமாதமே கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்து, பத்தொன்பது வருடம் ஓட்டை உள்ள கையுறைகளைப் பொறுக்கி எடுத்தாள். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனது. அவள் போகாமல் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். கணவர் லோகன் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார், வீடு கிள்ளானில். பிள்ளைகள் இருவரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார அவளால் முடியவில்லை. கொமுட்டர் ரயிலேறி தினமும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தாள். காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை வேலை.

உள்ளே வரும் ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதிய எண்ணை உடைத்துப் பார்ப்பது அவளுடைய சொந்தப் பழக்கம். 4087 என்று ஒரு வண்டி வந்தால், அது கீழ்த்தள நிறுத்தத்துக்கு இறங்கி வளைவதற்குள் 61-ஐயும் 67-ஐயும் பெருக்கினால் வருவது என்று கண்டுபிடித்துவிடுவாள். சில எண்கள் உடையவே மாட்டா. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாத அவற்றைப் பகா எண்கள் என்று தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருக்கிறாள். உடையாத எண் வந்தால் அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம்.

ஒன்றரை வருடத்துக்குச் சற்று முன்னால் ஒரு மத்தியானம் 7393 என்று ஒரு வெள்ளை வண்டி வந்தது. உடைத்துப் பார்த்தாள். உடையவில்லை. எழுதும்போது பேனா மக்கர் செய்ததால் கடைசி 3 விழாமல் 739 மட்டும் பதிவேட்டில் நின்றது. அதையும் உடைத்துப் பார்த்தாள். அதுவும் பகா எண். இன்னொரு இலக்கத்தைக் கையால் மறைத்தாள். 73. அதுவும்தான். அப்புறம் 7.

"அட," என்று வாய்விட்டே சொன்னாள்.

பின்னாலிருந்து எத்தனை இலக்கம் உதிர்த்தாலும் மிஞ்சுவது பகா எண்ணாகவே இருக்கிறது. அப்படியானால் இந்த 7393-க்குப் பின்னால் இன்னும் ஓர் இலக்கம் சேர்க்க முடியுமா? அதற்குப் பின்னால் இன்னொன்று? எதுவரை போகும்? நிற்காமல் போய்க்கொண்டே இருக்குமா?

மறுநாள் ரயில் நிலையத்துப் பக்கத்துக் கடையில் பச்சை அட்டை நோட்டை வாங்கினாள்.

வழி எளிது. முதல் இலக்கம் 2, 3, 5, 7, இந்த நான்கில் ஒன்று. பிறகு சேர்ப்பது 1, 3, 7, 9 மட்டும்தான். இரட்டை எண்ணில் முடிந்தால் இரண்டால் வகுபடும், ஐந்தில் முடிந்தால் ஐந்தால். ஒவ்வொன்றாகச் சேர்த்து, வகுத்துப் பார்த்து, உடைந்தால் அடித்துவிட்டு, உடையாததை வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். அதற்குள் உடையாதது அதற்கு மேலும் உடையாது. கால்குலேட்டரை அவள் தொடவில்லை. புள்ளிக்குப் பிறகு வாலாக நீளும் இலக்கங்கள் அவளுக்குப் பிடிக்காது. மீதி எவ்வளவு என்று கையால் போட்டுப் பார்த்தால்தான் அவளுக்கு நம்பிக்கை.

ஓரிலக்கத்தில் நான்கு கிடைத்தன. ஈரிலக்கத்தில் ஒன்பது. பிறகு பதினான்கு, பதினாறு. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து நோட்டு போதாது என்றுகூட நினைத்தாள். ஐந்து இலக்கத்தில் பதினைந்தாகக் குறைந்தது. ஆறு இலக்கத்தில் பன்னிரண்டு. அதில் 73939 மட்டும் ஒரு தனிப்பிறவி. பின்னால் 1 சேர்த்தாலும் 3 சேர்த்தாலும் 7 சேர்த்தாலும் 9 சேர்த்தாலும் நான்குமே பகா எண்கள். அந்த வாரம் முழுக்க அவள் யாரைப் பார்த்தாலும் சிரித்தாள்.

எண்கள் நீள நீள வகுத்தலும் நீண்டது. ரயிலில் போட்டாள், சாப்பாட்டு நேரத்தில் போட்டாள், வண்டி வராத மத்தியானங்களில் போட்டாள். ஏழு இலக்கத்தில் ஏழு எண்கள் நின்றன. எட்டில் நான்கு. அந்த நான்கின் பின்னாலும் எதைச் சேர்த்தாலும் உடைந்தது. ஒன்பது இலக்கத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. ஒன்பதில் இல்லையென்றால் பத்திலும் இருக்க முடியாது, நூறிலும் இருக்க முடியாது. எண்களுக்கு முடிவே இல்லை. ஆனால் இந்த ஒரு வகைக்கு முடிவு இருக்கிறது, அதை அவள் தன் கையாலேயே தொட்டுவிட்டாள். ஒரு வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது. மொத்தம் எண்பத்தொன்று என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் நோட்டு காசிவிஸ்வநாதன் கைக்குப் போனது.

அவள் சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நம்பினாரா இல்லையா என்று தெரியவில்லை.

"சார், இந்த நம்பரைப் பாருங்க." கடைசிப் பக்கத்தில் 59393339 என்ற எண்ணைக் காட்டினாள். "பின்னாலேர்ந்து கட்டை விரலால மறைச்சுக்கிட்டே வாங்க. எங்க நிறுத்தினாலும் அது பகா எண்தான்."

அவர் மறைத்துக்கொண்டே வந்து 593-இல் நின்றார். தன் மேசைக் கால்குலேட்டரை எடுத்தார். மூன்றால், ஏழால், பதினொன்றால் வகுத்தார். பதின்மூன்றால். பதினேழால். பத்தொன்பதால்.

"இருபத்திநாலு வரைக்கும் போதும் சார். அதுக்கு மேல வேஸ்ட்."

"எனக்குத் தெரியும்மா," என்றார் அவர் கொஞ்சம் ரோஷத்தோடு. இருபத்து மூன்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சரி, இது உடையல. மத்ததெல்லாம் சரின்னு யாரு சொல்றது?"

"வகுத்துப் பார்த்தா அதுவே சொல்லும் சார்."

அவருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. பதினோராவது மாடியில் வாணி என்று ஒருத்தி குடியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் கணிதம் போதிப்பவள். அன்று சனிக்கிழமை, வீட்டில்தான் இருந்தாள். அவர் போன் போட்டதும் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தாள்.

வாணி முதலில் நின்றபடியே பக்கங்களைப் புரட்டினாள். பிறகு உட்கார்ந்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினாள். காசிவிஸ்வநாதன் இரண்டு முறை தொண்டையைக் கனைத்துப் பார்த்தார். அவள் நிமிரவில்லை.

"அக்கா, இதெல்லாம் நீங்களே போட்டதா? கையாலயா?"

"ஆமா டீச்சர்."

"அங்கிள், இது லாட்டரி இல்ல. சுத்தமான மேத்ஸ்." வாணி தன் மடிக்கணினியைத் திறந்து சில வரிகள் தட்டினாள். திரையில் ஒரு பட்டியல் ஓடி நின்றது. அதையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு தயக்கம் வந்தது.

"சொல்லுங்க டீச்சர்," என்றாள் சீதாலெட்சுமி.

"ரெண்டு விஷயம் அக்கா. இது கணிதக்காரங்களுக்கு முன்னாலயே தெரிஞ்சதுதான். ரொம்ப நாளா தெரியும்."

"தெரிஞ்சிருக்கட்டும். எனக்கு யாரும் சொல்லலியே."

வாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொண்ணு... நீங்க எண்பத்தொண்ணு வச்சிருக்கீங்க. மொத்தம் எண்பத்து மூணு."

"அப்போ தப்பா?" என்றார் காசிவிஸ்வநாதன்.

"இருக்கிறது அத்தனையும் சரி அங்கிள். ரெண்டு விட்டுப்போச்சு. அக்கா, அது வந்து..."

"வேணாம் டீச்சர்!" சீதாலெட்சுமி எழுந்தே விட்டாள். "வாயத் திறக்காதீங்க. நான் தொலைச்சத நானே தேடிக்கிறேன்."

காசிவிஸ்வநாதன் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "வண்டி வந்தா மட்டும் மூடி வச்சிடணும், என்ன? கம்ப்ளெய்ன் பண்ணவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்." அவள் கதவருகே போனபோது கூப்பிட்டார். "ஏம்மா, இந்த நம்பருங்களுக்கு ராசி கீசி ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"சும்மாதான் கேட்டேன்," என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் லோகனிடம் நடந்ததைச் சொன்னாள். கள்ள நம்பர் என்று சந்தேகப்பட்டதைக் கேட்டதும் அவர் கொதித்தார். "நாளைக்கே நான் வந்து கேக்கிறேன். ஒன்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

"அது முடிஞ்சு போச்சு, விடுங்க. எனக்கு ரெண்டு நம்பர் காணோம். அதான் இப்ப பிரச்சனை."

ஒரு வருடம் ஏழு மாதத்து வேலையில் எங்கோ ஒரு பிசகு. நோட்டில் ஆயிரக்கணக்கான வகுத்தல்கள். எல்லாவற்றையும் மறுபடி போட்டால் இன்னொரு வருடம் போகும். சீதாலெட்சுமி அப்படிப் போகவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே யோசித்தாள். உடைந்ததை உடையவில்லை என்று நினைத்திருந்தால் எண்ணிக்கை கூடியிருக்கும். குறைந்திருக்கிறது. ஆகவே உடையாத ஒன்றை உடைந்தது என்று தவறாக அடித்திருக்கிறாள். அடித்த எண் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதை எதால் பெருக்கினால் அது வரும் என்று எழுதி வைப்பது அவள் வழக்கம். அந்தப் பெருக்கல்களின் கடைசி இலக்கத்தை மட்டும் சரிபார்த்தாலே போதும். பல பிசகுகள் அங்கேயே பல்லை இளிக்கும்.

திங்கள்கிழமை காலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். ஷா ஆலம் தாண்டி, சுபாங் ஜெயா வரும் முன்னால் பென்சில் நின்றது.

7393913. பக்கத்தில் 17 பெருக்கல் 434936 என்று எழுதியிருந்தது. ஏழாறு நாற்பத்திரண்டு. பெருக்கினால் 2-இல் முடிய வேண்டும். எண்ணோ 3-இல் முடிகிறது.

வகுத்த பக்கத்தைத் தேடி எடுத்தாள். கடைசிப் படியில் 103-லிருந்து 102 போக ஒன்று மிஞ்ச வேண்டும். அந்த இடத்தில் சைபர் போட்டிருந்தாள். மேலே தேதி இருந்தது. அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது: புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பத்தின் சாமான் லோரி வாசல் தடுப்பில் இடித்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பாதியில் எழுந்து ஓடியிருக்கிறாள். திரும்பி வந்து பார்க்காமல் சைபர் போட்டிருக்கிறாள். ஒரேயொரு ஒன்று. அதில் போய்விட்டது.

"மடச்சி," என்று தன்னையே சொல்லிக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்ப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சீதாலெட்சுமி அவளைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

7393913-ஐ ஏறக்குறைய நானூறு பகா எண்களால் வகுத்தாள். எல்லாவற்றிலும் மீதி வந்தது. உடையாத எண்தான். ஏழு இலக்கத்தில் எட்டாவது. இனி இதற்குப் பின்னால் இன்னும் ஓர் இலக்கம். 1 சேர்த்தாலும் 7 சேர்த்தாலும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலே மூன்றால் வகுபடும் என்று தெரிந்துவிட்டது. 9 சேர்த்தது பிறகு உடைந்தது. மிஞ்சியது 73939133.

இதற்கு முன் அவள் கண்ட நான்கு எட்டிலக்க எண்களையும்விடப் பெரியது. வர்க்கமூலம் எட்டாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகுத்தல்கள். இந்த முறை அவசரப்படவில்லை. ஒவ்வொரு வகுத்தலையும் போட்டதும் ஈவைப் பெருக்கி மீதியைக் கூட்டிச் சரிபார்த்தாள். ஹாரன் கேட்டால் போட்டுக்கொண்டிருந்த வகுத்தலை முழுசாக அடித்துவிட்டுத்தான் எழுந்தாள். திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினாள். வாணி வேலைக்குப் போகும்போது கார்க் கண்ணாடியை இறக்கி, "எங்க இருக்கீங்க அக்கா?" என்று கேட்பாள். "நாலாயிரத்தில இருக்கேன்," என்பாள் இவள். "ஆறாயிரத்தில இருக்கேன்." காசிவிஸ்வநாதனும் காலை நடைக்கு இறங்கும்போது வாசல் கார்ட் ஹவுஸில் எட்டிப் பார்த்து, "உடைஞ்சுதா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்.

"உடையாது சார்."

"அவ்வளவு நிச்சயமாவா சொல்றே?"

"டீச்சர் ரெண்டு நம்பர் காணோம்னாங்க. ஒண்ணு கிடைச்சுருச்சு. அதுக்குப் பின்னால நிக்கிறது இது ஒண்ணுதான். வேற எங்க போகும்?"

"அப்புறம் எதுக்கு உக்காந்து போடுறே?"

"அது அவங்க மெஷின் சொன்னது சார். நான் பார்க்கணும்ல?"

முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் வீட்டுச் சமையலறை மேசையில். லோகன் பாசாரிலிருந்து மீன் வாங்கி வந்து கழுவிக்கொண்டிருந்தார். கடைசிப் பகா எண் 8597. சீதாலெட்சுமி வகுத்தாள். ஈவு 8600. மீதி 4933. பெருக்கிக் கூட்டிப் பார்த்தாள். சரி.

அவள் பேனாவை மூடும் சத்தம் கேட்டு லோகன் திரும்பினார்.

"என்ன, முடிஞ்சுதா?"

"முடிஞ்சது. உடையல."

அவர் ஈரக் கையோடு வந்து நோட்டைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு அவ்வளவாக வராது. ஆனாலும் அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாக உரக்கப் படித்தார். ஏழு, மூணு, ஒம்பது, மூணு, ஒம்பது, ஒண்ணு, மூணு, மூணு. "லோரி நம்பர் மாதிரியே இல்ல, வாய்ல நிக்க மாட்டேங்குது," என்றார். பிறகு, "பெரிய ஆளுதான்லா நீ," என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினார். அவளுக்குக் கண் கலங்கியது. வெங்காயம் நறுக்காமலே கலங்கியது என்று பின்னால் வாணியிடம் சொன்னாள்.

எண்ணிக்கை எண்பத்து மூன்று ஆகிவிட்டது, அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் நிறுத்தவில்லை. 73939133-க்குப் பின்னால் இன்னோர் இலக்கம் போகுமா என்பதையும் தானே பார்த்தாள். 1-ஐயும் 7-ஐயும் சேர்த்தவை மூன்றால் வகுபட்டன. 3-ஐயும் 9-ஐயும் சேர்த்தவை லேசில் விடவில்லை. நூறுக்குட்பட்ட எதற்கும் மசியவில்லை. நாள் கணக்கில் இழுத்தடித்துக் கடைசியில் இரண்டும் உடைந்தன. அதன் பிறகுதான் வாணியின் கார் வந்து நின்றபோது நோட்டை நீட்டினாள்.

"இதுதான் டீச்சர் எல்லாத்திலயும் பெருசு. இதுக்கு மேல கிடையாது."

வாணி பார்த்தாள். தலையை ஆட்டினாள். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தும் கொஞ்ச நேரம் நகரவில்லை. "அக்கா, எங்க முதலாண்டு பிள்ளைங்ககிட்ட வந்து இத சொல்ல முடியுமா? நான் சொன்னா அவங்களுக்கு அது பாடம். நீங்க சொன்னா வேற."

சீதாலெட்சுமி ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். சீருடை இல்லாமல் ஊதா நிறப் பஞ்சாபி சூட் போட்டிருந்தாள். அறுபது மாணவர்கள், தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசினாள். வெள்ளைப் பலகையில் 7 என்று எழுதித் தொடங்கி ஒவ்வோர் இலக்கமாகச் சேர்த்துக்கொண்டே போனாள். பதினேழால் வகுத்துச் சைபர் போட்ட கதையையும் மறைக்காமல் சொன்னாள். அறை சிரித்தது, அவளும் சிரித்தாள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தனேஷ் என்ற மாணவன் கை தூக்கினான். "ஆன்டி, என் போன்ல தட்டினேன். ஒரு செகண்ட்கூட ஆகல, பிரைம்னு சொல்லிருச்சு. நீங்க ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டீங்க?"

"கஷ்டம்னு யாரு சொன்னா தம்பி?" என்றாள் சீதாலெட்சுமி. "உன் போன் சொன்னது சரிதான். நீ அத நம்புற. நான் ஆயிரம் தடவை வகுத்துப் பார்த்திருக்கேன். இது உடையாதுன்னு நான் யாரையும் நம்பிச் சொல்லல."

தனேஷ் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தாளில் எதையோ வகுக்கத் தொடங்கினான். பின்வரிசையிலும் நாலைந்து பேர் குனிந்தார்கள். வாணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேரம் முடிந்தும் அவள் யாரையும் எழுப்பவில்லை.

மாலை ரயிலில் கூட்டம். கிள்ளான் வரை நின்றுகொண்டே வந்தாள். நிலையத்துக்கு வெளியே லோகன் மோட்டார் சைக்கிளில் காத்திருந்தார்.

"எப்படிப் பேசினே?"

"நல்லா பேசினேன்," என்றாள் சீதாலெட்சுமி, தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டே. "ரொம்ப நல்லா பேசினேன். போங்க, பசிக்குது."